நீதிக்கு ஈந்த பதவி

நுழையும்முன்

தவறான தீர்ப்பொன்று வழங்கப்பட்டுவிட்டது; தண்டனையும் நிறைவேறிவிட்டது. மாண்டவர் மீளப்போவதில்லை. அந்நிலையில், அத்தீர்ப்பு தவறானது என்று எடுத்துரைப்பதால் பயன் உண்டா? ஆராயாது தீர்ப்பளித்த பிழையை உணர்ந்த கணத்திலேயே உயிர்நீத்த பாண்டிய மன்னனைச் சிலப்பதிகாரத்தில் கண்டிருக்கிறோம். தாம் செய்யாத பிழையை, அது தம் மாநில அரசின் பெயரால் நிகழ்ந்தது என்பதற்காகவே திருத்த முனைந்து, பதவியையும் புகழையும் இழந்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது. அவர், அமெரிக்க நாட்டின் இல்லினாய்ஸ் மாநில ஆளுநராக விளங்கிய ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு.

இளமையும் உழைப்பும்

ஆல்ட்கெல்டு 1847ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ஜெர்மனியின் செல்டர்ஸ் பகுதியில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் அமெரிக்காவில் குடியேறினர். ஒகையோ மாநிலத்தில் மான்ஸ்ஃபீல்டு நகருக்கு அருகே அவர்களது வாழ்க்கை அமைந்தது. தந்தை உழவர், மகனின் கைகள் வயலுக்குத் தேவை என்று கருதிய அவர், கல்வியைத் தேவையற்றதென எண்ணினார். எனவே பள்ளிப்படிப்பு ஆல்ட்கெல்டுக்கு எளிதில் வாய்க்கவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864ஆம் ஆண்டில், பதினாறு வயதே நிரம்பிய அவர் வடபுலப் படையில் சேர்ந்தார். போர்க்களத்தில் பற்றிய காய்ச்சல் அவரது உடல்நலத்தை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. ஊர் திரும்பியபின் தாமே முயன்று கற்றுப் பள்ளி ஆசிரியரானார். பின்னர் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, வழியில் இருப்புப்பாதை அமைக்கும் பணியில் கூலியாளாகவும் உழைத்தார். கூலி உழைப்பின் கடுமையை அவர் நூல்களில் படித்து அறியவில்லை. தம் தோள்களால் அறிந்தார்.

வழக்கறிஞரும் நீதிபதியும்

மிசௌரி மாநிலத்தின் சவானா என்னும் சிற்றூரில் ஆசிரியப் பணியாற்றியவாறே சட்டம் பயின்று, 1871ஆம் ஆண்டில் வழக்கறிஞரானார். அங்கு அரசு வழக்கறிஞராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் அப்பதவியைத் துறந்து 1875ஆம் ஆண்டில் சிகாகோ மாநகரை அடைந்தார். அவருக்கு அங்கே அறிமுகமானவர் எவருமிலர். இரண்டாண்டுகளுக்குப்பின், இளமையில் தாம் விரும்பிய எம்மா ஃபோர்டு என்பவரை மணந்தார். நிலமும் கட்டடமும் வாங்கி விற்கும் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டினார். யூனிட்டி என்னும் பதினாறு மாடிக் கட்டடம் அவரது பெருமிதமாகத் திகழ்ந்தது.

செல்வம் அவரது கண்களை மறைக்கவில்லை. 1884ஆம் ஆண்டில் சிறைத்துறையின் சீர்கேடுகளை ஆராய்ந்து நூலொன்றை வெளியிட்டார். ஏழைகளே பெரும்பாலும் சிறைப்படுகின்றனர் என்பதையும், தண்டனை முறை அவர்களைத் திருத்துவதற்கு மாறாக மேலும் சிதைக்கிறது என்பதையும் அந்நூலில் நிறுவினார். 1886ஆம் ஆண்டில் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, ஐந்தாண்டுகள் அப்பணியில் இருந்தார்.

ஹேமார்க்கெட் வழக்கு

அவர் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே 1886ஆம் ஆண்டில், அவரது பிற்கால வாழ்வையே மாற்றவிருந்த நிகழ்ச்சியொன்று சிகாகோவில் நடந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்னும் கோரிக்கையை முன்வைத்து, மே முதல் நாள் அமெரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மே 3ஆம் நாள் சிகாகோவின் மெக்கார்மிக் தொழிற்சாலை அருகே காவலர் சுட்டதில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அதனைக் கண்டித்து மறுநாள் மாலை ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம் கூடியது. நகரத் தலைவரே நேரில் வந்து பார்த்து, கூட்டம் அமைதியாக நடைபெறுவதாகக் கருதித் திரும்பிச் சென்றார். மழை வரும் அறிகுறி கண்டு மக்களும் கலையத் தொடங்கியிருந்தனர். அவ்வேளையில் காவலர் படையொன்று அணிவகுத்து வந்து கூட்டத்தைக் கலைக்க முற்பட்டது. இருளிலிருந்து யாரோ ஒருவர் காவலர்மீது வெடிகுண்டை வீசினார். குண்டுவீச்சாலும் அதனைத் தொடர்ந்த துப்பாக்கிச் சூட்டாலும் காவலர் எழுவர் மாண்டனர். பொதுமக்களிலும் பலர் உயிரிழந்தனர்.

குண்டை வீசியவர் யார் என்பது இன்றுவரை அறியப்படவில்லை. ஆயினும், ஆட்சியமைப்பே வேண்டா என்னும் கொள்கையுடைய எண்மர்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. ஜூரி எனப்படும் நடுவர் குழுவின் உறுப்பினர்கள் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்படவில்லை. இதற்கெனவே அமர்த்தப்பட்ட அலுவலர் ஒருவர் தம் விருப்பப்படி அழைத்துவந்தவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். எழுவருக்கு மரண தண்டனையும் ஒருவருக்குப் பதினைந்தாண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. இருவரது தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. ஒருவர் சிறையிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய ஸ்பைஸ், பார்சன்ஸ், ஃபிஷர், ஏங்கல் ஆகிய நால்வரும் 1887 நவம்பர் 11ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். ஃபீல்டன், ஷ்வாப், நீபே ஆகிய மூவர் சிறையில் வாடினர்.

ஆளுநரின் முன் இரு வழிகள்

1892ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்று ஆல்ட்கெல்டு ஆளுநரானார். நம் நாட்டில் ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகிறார். அமெரிக்காவிலோ மாநில ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். மாநில நிருவாகத்தின் தலைவரும் அவரே. மாநில நீதிமன்றம் விதித்த தண்டனையை நீக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. வெளிநாட்டில் பிறந்த ஒருவர் இல்லினாய்ஸ் ஆளுநரானது அதுவே முதன்முறை.

பதவியேற்றதும் மூவரின் விடுதலை வேண்டும் மனு அவர்முன் வந்தது. பல தரப்பினரும் அதில் கையொப்பமிட்டிருந்தனர். ஆண்டுகள் பல கடந்துவிட்டன; கைதிகள் போதிய அளவு துன்புற்றுவிட்டனர்; இரக்கம் காட்டி விடுவிக்கலாம் என்பது அவர்களுள் பலரது கருத்து. அவ்வாறு செய்திருந்தால் ஆளுநரைப் பெருந்தன்மையாளர் என்று ஊர் போற்றியிருக்கும். ஆல்ட்கெல்டு அந்த எளிய வழியை ஏற்கவில்லை. குற்றவாளிகள் எனின், அவர்கள் சிறையில் இருப்பதே முறை. குற்றமற்றவர்கள் எனின், அவர்களுக்குரியது இரக்கமன்று, நீதியே. எனவே வழக்கின் ஆவணங்கள் முழுவதையும் வரவழைத்து, மாதக்கணக்கில் தாமே ஆராய்ந்தார்.

1893 ஜூன் 26ஆம் நாள் மூவருக்கும் முழு மன்னிப்பு வழங்கி ஆணையிட்டார். தூக்கிலிடப்பட்டோர் புதைக்கப்பட்ட இடத்தில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டதற்கு அடுத்த நாள் அது. ஆணையுடன் நெடியதொரு விளக்க அறிக்கையையும் வெளியிட்டார். நடுவர் குழு நடுநிலை தவறித் திரட்டப்பட்டது. உறுப்பினர் பலர் முன்முடிவு கொண்டிருந்ததைத் தாமே ஒப்புக்கொண்டனர். குண்டு வீசியவருக்கும் தண்டனை பெற்றவர்களுக்கும் தொடர்பு உண்டென்பது மெய்ப்பிக்கப்படவில்லை. நீதிபதி ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார் என ஒவ்வொன்றையும் சான்றுகளுடன் அடுக்கிக் காட்டினார். உயிருடன் இருந்த மூவரை மட்டுமன்றி, மாண்ட ஐவரையும் அவ்வறிக்கை குற்றமற்றோராக்கியது. நீதிபதியை அவர் கடுமையாகச் சாடியது மிகை என்று நண்பர்களுள்ளும் சிலர் கருதினர். ஆனால், சான்றுகளின் அடிப்படையை எவராலும் அசைக்க இயலவில்லை.

வசைமழை

நாடெங்கும் நாளிதழ்கள் அவர்மீது வசைமாரி பொழிந்தன. அவர் அயல்நாட்டில் பிறந்தவர் என்பதும் இகழ்ச்சிக்குரிய குற்றமாக்கப்பட்டது. கேலிச்சித்திரங்கள் அவரைக் கொலைகாரர்களின் தோழராகத் தீட்டின; அவரது உருவபொம்மை எரிக்கப்பட்டது. அவர் ஆணையைத் திரும்பப் பெறவில்லை. அதற்காக வருத்தம் தெரிவிக்கவுமில்லை. தம் அரசியல் வாழ்வுக்கு அதனால் நேரவிருப்பதை அறிந்தே அவர் கையொப்பமிட்டிருந்தார்.

ஆட்சிப்பணிகள்

அதே ஆண்டில் தொழிற்சாலைச் சட்டமொன்று அவரது ஒப்புதலுடன் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரை ஆலைகளில் வேலைக்கு அமர்த்துவதை அது தடைசெய்தது. பெண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக வரையறுத்தது. அச்சட்டத்தைச் செயற்படுத்தும் தலைமை ஆய்வாளராக ஃபிளாரன்ஸ் கெல்லி என்னும் பெண்மணியை ஆல்ட்கெல்டு நியமித்தார். எட்டு மணி நேர விதியை மாநில உச்சநீதிமன்றம் 1895ஆம் ஆண்டில் செல்லாதென அறிவித்தது. ஆயினும், அச்சட்டம் இட்ட விதை பிற்காலத்தில் முளைத்தது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சிக்கும் அவர் பெருமளவில் நிதி ஒதுக்கச் செய்தார். சிகாகோவின் தெருவண்டிப் போக்குவரத்தை நெடுங்காலத்திற்குத் தனியார் வசமாக்க முயன்ற சட்ட முன்வடிவுகளுக்கு ஒப்புதல் அளிக்க மறுத்தார்.

இரயில்வே வேலைநிறுத்தம்

1894ஆம் ஆண்டில் சிகாகோவின் புல்மேன் பகுதியில், இரயில் பெட்டி தயாரிக்கும் நிறுவனம் தொழிலாளரின் கூலியைக் குறைத்தது. அந்நிறுவனத்திற்குச் சொந்தமான வீடுகளிலேயே அவர்கள் குடியிருந்தனர், வாடகையோ குறைக்கப்படவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கியது, யூஜின் டெப்ஸ் தலைமையிலான இரயில்வே தொழிலாளர் சங்கமும் துணைநின்றது. நாட்டின் பல பகுதிகளில் இரயில்கள் நின்றன. குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாண்டு, ஆளுநரைக் கேளாமலேயே நடுவணரசின் படையைச் சிகாகோவுக்கு அனுப்பினார்.

குடியரசுத் தலைவரும் ஆல்ட்கெல்டின் கட்சியைச் சேர்ந்தவரே. எனினும் ஆளுநர் வாய்மூடி இருக்கவில்லை. அமைதி காக்கப் போதிய படை மாநிலத்திடம் உண்டு. வேண்டிய இடங்களுக்கு அது அனுப்பப்பட்டும் வருகிறது. இந்நிலையில் நடுவணரசு தலையிடுவது மாநில உரிமைக்கு முரணானது என்று தந்திகள்வழி வாதிட்டார். அவரது எதிர்ப்பு ஏற்கப்படவில்லை. டெப்ஸ் சிறைப்பட்டார். நாளிதழ்கள் மீண்டும் ஆல்ட்கெல்டைத் தூற்றின.

தோல்வியும் இறுதியும்

1896ஆம் ஆண்டில் சிகாகோவில் கூடிய கட்சி மாநாட்டில் கிளீவ்லாண்டின் கொள்கைகள் புறந்தள்ளப்பட்டன. அம்மாற்றத்தில் ஆல்ட்கெல்டுக்குப் பெரும்பங்கு இருந்தது. வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட அவருக்கு உரிமை இல்லை. அவ்வாண்டு ஆளுநர் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். பதவி விலகும் ஆளுநர் விடைபெறும் உரை ஆற்றுவது அங்கு மரபு. 1897ஆம் ஆண்டு விழாவில் அந்த வாய்ப்பும் அவருக்கு மறுக்கப்பட்டது. சிகாகோ நகரத் தலைவர் தேர்தலிலும் பின்னர்த் தோற்றார். செல்வம் கரைந்தது, யூனிட்டி கட்டடமும் கைவிட்டுப் போனது.

ஒருகாலத்தில் மன்னிப்பு ஆணைக்காகத் தம்மை வற்புறுத்திய இளைய நண்பர் கிளாரன்ஸ் டாரோவின் சட்ட அலுவலகத்தில் இணைந்து மீண்டும் வழக்கறிஞரானார். 1902 மார்ச் 11ஆம் நாள் ஜோலியட் நகரில், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தென்னாப்பிரிக்கப் போயர் மக்களுக்கு ஆதரவாக உரையாற்றி முடித்தபின் மயங்கி விழுந்தார். மறுநாள் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 54. சிகாகோ பொது நூலகத்தில் வைக்கப்பட்ட அவரது உடலைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். அவர்களுள் மிகப்பலர் உழைக்கும் மக்கள். 1915ஆம் ஆண்டில் அந்நகரின் லிங்கன் பூங்காவில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

மாண்டவரை அவரால் மீட்க இயலவில்லை. ஆனால், அவர்கள்மீது அரசு சுமத்திய பழியை அரசின் கையாலேயே துடைத்தார். தேர்தலில் வென்ற ஆளுநர்கள் பலரின் பெயர்கள் மறைந்தன. தோற்றுப்போன இவரின் பெயர், நீதி வழுவிய ஒரு தீர்ப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நினைக்கப்படுகிறது. ஆட்சியாளர் ஒருவரின் பெருமை, அவர் பதவியில் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்பதில் இல்லை. அப்பதவியை எதற்காக இழக்கத் துணிந்தார் என்பதில் உள்ளது.

தெரியுமா?

1886ஆம் ஆண்டு சிகாகோ நிகழ்வுகளின் நினைவாகவே மே முதல் நாள் உலகத் தொழிலாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்தியாவில் முதன்முதலாக இந்நாளைக் கொண்டாடியவர் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர். 1923ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் அவ்விழா நடைபெற்றது.

கற்பவை கற்றபின்

1. இரக்கம், நீதி ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஆல்ட்கெல்டின் முடிவைக் கொண்டு விளக்கி, வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. சிலப்பதிகார வழக்குரை காதையில் வரும் பாண்டிய மன்னனையும் ஆல்ட்கெல்டையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் மாநில ஆளுநர் பதவி எவ்வாறு வேறுபடுகிறது என்பதை அட்டவணைப்படுத்துக.