அப்பா போட்ட ஓட்டு

ஷார்ஜாவில் எங்கள் வீட்டுச் சுவரில் காமராஜர் படம் ஒன்று இருக்கிறது. மாட்டியவர் அப்பா. 1967 தேர்தலில் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவரும் அப்பாதான்.

1903-இல் விருதுநகரில் பிறந்த காமராஜர் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பும் பாதியில் நின்றது. விடுதலைப் போராட்டத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1954-இல் முதல்வரானதும் குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். ஊர்தோறும் பள்ளி திறந்தார், மதிய உணவும் போட்டார். அந்தச் சோற்றுக்காகப் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் அப்பாவும் ஒருவர்.

1963-இல் கட்சிப் பணிக்காகப் பதவியை விட்டு விலகினார். பிறகு வந்தன இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும். 1967-இல் சொந்த ஊரிலேயே, மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். 1975 அக்டோபர் 2-இல் சென்னையில், வாடகை வீட்டில் காலமானார்.

அந்த ஓட்டைத் தவறு என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் வளைகுடாவுக்கு வர, பாஸ்போர்ட் விண்ணப்பத்தை யார் தயவும் இல்லாமல் தானே நிரப்பினாராம். அன்று அவர் நினைவு வந்ததாம். வேலைக்கு வந்ததும் வாங்கிய முதல் படம் அதுதான்.