ஹோம்வொர்க்கில் பிறந்த பேஸ்கட்பால்... பி.டி. வாத்தியார் நெய்ஸ்மித்தின் கதை!

ப்ளஸ் டூ முடித்த கையோடு வீட்டில் போய், ஸ்போர்ட்ஸ் சம்பந்தமான டிகிரி படிக்கப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஓர் அமைதி நிலவும். அப்புறம் அப்பா, சித்தப்பா, எதிர்வீட்டு அங்கிள் என வரிசையாக வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அதைப் படிச்சுட்டு என்ன பண்ணப்போற?

அவர்களையும் குறை சொல்ல முடியாது. நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். அதில் ஒன்றை மேத்ஸ் டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். அந்தக் கடன் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

இதே கேள்வியை 130 வருஷத்துக்கு முன்பே சந்தித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பேஸ்கட்பாலைக் கண்டுபிடித்தவர் என்று ஏதாவது ஒரு மார்க் கேள்வியில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு மார்க்கைத் தாண்டியும் அவரிடம் நிறைய கதை இருக்கிறது.

1861 நவம்பர் 6-ம் தேதி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆல்மான்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார் நெய்ஸ்மித். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய குடும்பம். 1870-ல் டைபாய்டு காய்ச்சல் அப்பாவையும் அம்மாவையும் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. ஜேம்ஸ், சகோதரி ஆனி, தம்பி ராபி... மூன்று பிள்ளைகளையும் கடைசியில் வளர்த்தது தாய்மாமா பீட்டர்தான். பண்ணை வேலை, மரம் வெட்டும் வேலை என்று உடம்பு வளைத்து வாழும் வீடு. ஹைஸ்கூலைப் பாதியில் விட்டுவிட்டு, ஜேம்ஸும் காட்டில் மரம் வெட்டப்போய்விட்டார். ஆமாம், நம்ம ஹீரோ ஒரு ட்ராப்-அவுட்!

அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டு இருந்தது. பெரிய பாறை. அதன் தலையில் ஒரு சின்னக் கல். தூரத்தில் நின்று இன்னொரு கல்லை எறிந்து அதைத் தட்டிவிடணும். விசையாக நேரே எறிந்து குறி தப்பினால், உங்கள் கல் எங்கேயோ போய் விழும். அதை எடுத்துவர ஓடும்போது நீங்கள் அவுட். அதனால் விவரமான பசங்க கல்லை மெதுவாக, வளைவாக மேலே தூக்கிப் போடுவார்கள். நம்ம ஊர் கிட்டிப்புள், கோலி மாதிரி அவர்களுக்கு அது. இந்தக் கல்லை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னால் தேவைப்படும்.

சில வருஷம் காட்டில் கழிந்தது. 20 வயதை நெருங்கும்போது மறுபடி பள்ளிக்கூடம் போனார். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து முடித்தார். 1883-ல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போதகர் ஆவதுதான் திட்டம். வீட்டின் ஆசையும் அதுவே. ஆனால், அங்கே ஜிம்னாஸ்டிக்ஸ், ரக்பி எல்லாம் அவரைப் பிடித்துக்கொண்டன. பட்டம் வாங்கிய பிறகு இறையியல் படித்துக்கொண்டே, மெக்கில்லில் உடற்பயிற்சி வகுப்பும் எடுத்தார். இறையியல் மாணவன் மைதானத்தில் சேற்றில் புரள்வதைக் கூடப்படித்தவர்கள் ரசிக்கவில்லை. அன்றைக்கு அந்த வட்டாரத்தில் விளையாட்டு என்றால் பொறுக்கித்தனம் என்ற நினைப்பு. கண்ணைச் சுற்றி வீக்கத்தோடு அவர் பிரசங்க மேடை ஏறிய ஞாயிற்றுக்கிழமையும் உண்டு.

ஒரு மேட்சில், பக்கத்தில் ஆடிய வீரர் கோபத்தில் கெட்டவார்த்தை விட்டுவிட்டு, உடனே நெய்ஸ்மித்திடம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். அத்தனைக்கும் நெய்ஸ்மித் அவரிடம் ஒருநாளும் ஒழுக்கம், பக்தி என்று பாடம் எடுத்ததில்லை. ஒருத்தனை நல்லவனாக்க மேடைதான் வேண்டுமா, மைதானம் போதாதா என்ற கேள்வி அன்றுதான் அவருக்குள் விழுந்தது. மாண்ட்ரியல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளரிடம் மனம்விட்டுப் பேசினார். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது என்று அவர் சொல்ல, இறையியலை முடித்துவிட்டு 1890-ல் கிளம்பிவிட்டார் நெய்ஸ்மித்.

சகோதரி ஆனிக்கு இது தாங்கவில்லை. கடவுள் வேலைக்குப் போகவேண்டியவன் குட்டிக்கரணம் போடக் கற்றுக்கொடுக்கப் போகிறானே என்ற வருத்தம். அவர் கடைசிவரை இதை மன்னிக்கவே இல்லை. சொந்தக்காரர்களின் அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வருவோம். ஒய்.எம்.சி.ஏ. நடத்திய அந்தப் பள்ளியில் உடலியல், உளவியல், உடற்பயிற்சி, பைபிள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பொறுப்பில் இருந்தவர் லூதர் குலிக். நெய்ஸ்மித்தைவிடச் சில வருடங்கள் இளையவர். படிக்கப்போன நெய்ஸ்மித், ஒரே வருஷத்தில் அங்கேயே ஆசிரியரும் ஆகிவிட்டார்.

குலிக்கின் உளவியல் வகுப்பில் ஒருநாள் ஒரு விவாதம். புதிது என்று எதுவும் கிடையாது. பழையவற்றின் துண்டுகளைச் சேர்த்துத்தான் புதியவை பிறக்கின்றன என்பது குலிக்கின் கட்சி. அப்படியானால் குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு புது விளையாட்டையும் அப்படியே உருவாக்கிவிடலாமே என்றார் நெய்ஸ்மித். உடனே அதுவே வகுப்புக்கு ஹோம்வொர்க் ஆனது. அடுத்த வகுப்புக்கு ஒருவர்கூடச் செய்துகொண்டு வரவில்லை! எந்தக் காலத்திலும் ஹோம்வொர்க்கின் விதி அதுதான்போல.

1891 குளிர்காலம். பனி கொட்டுகிறது, வெளியே கால்பந்து, பேஸ்பால் எதுவும் ஆட முடியாது. ஜிம்முக்குள் டம்பெல்ஸ், டிரில், அணிவகுப்பு மட்டும்தான். நிர்வாக வேலைக்காகப் பயிற்சி பெறும் 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்புக்கு இதெல்லாம் வேப்பங்காய். இரண்டு ஆசிரியர்கள் முயன்று பார்த்துக் கையைத் தூக்கிவிட்டார்கள். அந்த வகுப்பைத் தூக்கி நெய்ஸ்மித் தலையில் வைத்தார் குலிக். கையில் இரண்டு வாரம்.

முதலில் ரக்பியை உள்ளே கொண்டுவந்தார். மரத்தரையில் ஆளை இழுத்துத் தள்ளினால் எலும்பு என்னாகும்? கால்பந்தைக் கொண்டுவந்தார். ஜன்னல் கண்ணாடிகள் காலி. லக்ராஸில் மட்டை பட்டு முகமும் கையும் காயம். இரண்டு வாரம் கிட்டத்தட்ட முடிந்தேபோனது.

இனிமேல்தான் நெய்ஸ்மித்தின் படிப்பு வேலை செய்தது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. பளிச்சென்று ஐடியா வந்துவிட்டது என்று சினிமாவில் காட்டுவார்களே, அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு ப்ராக்டிக்கல் எக்ஸாம் மாதிரி பிரச்னையைக் கூறுகூறாகப் பிரித்தார். எல்லோருக்கும் பிடிக்க, பெரிய பந்து வேண்டும். ஆளை ஏன் இடித்துத் தள்ளுகிறார்கள்? பந்தோடு ஓடுவதால். அப்படியானால் பந்தோடு ஓடவே கூடாது. நின்ற இடத்திலிருந்து பாஸ் பண்ணணும். கோலை நோக்கி ஏன் வெறித்தனமாக அடிக்கிறார்கள்? கோல் எதிரே நிற்பதால். அதைத் தலைக்கு மேலே, வானத்தைப் பார்க்கப் படுக்கப்போட்டால்? விசையாக எறிந்து பயனில்லை. வளைவாகத் தூக்கித்தான் போட்டாகணும். பாறை மேலிருந்த அந்தக் கல் ஞாபகம் வருதா? அதேதான்.

காலையில் ஜிம் பராமரிப்பாளர் ஸ்டெபின்ஸிடம் 18 இன்ச் சதுரப் பெட்டி இரண்டு கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடை இருக்கிறது என்று கொண்டுவந்து கொடுத்தார் ஸ்டெபின்ஸ். கூடைகளைப் பால்கனியின் அடிக்கட்டையில் ஆணி அடித்து மாட்டினார் நெய்ஸ்மித். பால்கனி இருந்த உயரம் 10 அடி. இன்று என்.பி.ஏ-வில் வளையம் இருக்கும் உயரமும் 10 அடிதான். ஸ்டெபின்ஸ் பெட்டியைக் கொண்டுவந்திருந்தால் இந்த விளையாட்டுக்குப் பெயர் என்னவாகியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

13 விதிகளை எழுதி, டைப் அடித்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். ஒன்பது பேர், ஒன்பது பேர் என இரண்டு அணி. கையில் ஒரு கால்பந்து. ஆட்டம் முடியும்போது ஸ்கோர் 1-0. வில்லியம் சேஸ் என்ற மாணவர் போட்ட அந்த ஒரே கூடைதான் அன்றைய மொத்த ஹைலைட்ஸ். ஆனால், டிரில்லுக்கு முகம் சுளித்த அதே வகுப்பு, ஆட்டத்தை நிறுத்தச் சொன்னபோது முகம் சுளித்தது. ஃபிராங்க் மஹான் என்ற மாணவர், இதற்கு நெய்ஸ்மித் பால் என்று பெயர் வைக்கலாம் என்றார். அந்தப் பெயர் வைத்தால் எந்த விளையாட்டும் செத்துப்போகும் என்று சிரித்தே மறுத்துவிட்டார் நெய்ஸ்மித். பிறகு மஹான் சொன்னதுதான் பேஸ்கட்பால்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போன மாணவர்கள் கையோடு விளையாட்டையும் கொண்டுபோனார்கள். சில வருஷங்களிலேயே கடல் கடந்துவிட்டது. நம்ம சென்னைக்கும் ஸ்பிரிங்ஃபீல்டோடு ஒரு தொடர்பு இருக்கிறது. இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி குரோவ் பக், அந்த ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் தயாரானவர்தான்.

இப்படியொரு ஹிட் கொடுத்தவர் அடுத்து என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? காப்புரிமை, கம்பெனி, விளம்பரம்? எதுவும் இல்லை. டென்வர் நகரத்துக்குப் போனார். பகலில் ஒய்.எம்.சி.ஏ-வில் உடற்பயிற்சி இயக்குநர் வேலை. கூடவே மருத்துவப் படிப்பு. 1898-ல் டாக்டர் பட்டம். உடம்பைப் பழக்குகிறவனுக்கு அந்த உடம்பு உள்ளே எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். அதே வருஷம் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. காலையில் வழிபாட்டுக் கூடத்தை நடத்தணும். மற்ற நேரம் உடற்கல்வி. அங்கே பேஸ்கட்பால் அணியையும் தொடங்கினார்.

கோச்சாக அவருடைய ரெக்கார்டு 55 வெற்றி, 60 தோல்வி. கன்சாஸ் அணியின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமுள்ள ஒரே கோச், அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான்! மீம் போடாமல் இருக்க முடியுமா? ஆனால் அவர் இதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. பேஸ்கட்பாலுக்கு எதற்குக் கோச், பந்தைக் கொடுத்தால் ஆடிவிட்டுப் போகிறார்கள் என்பது அவர் எண்ணம். அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் இதை ஏற்காமல் பெரிய கோச்சாகவே மாறிக்காட்டினார். நெய்ஸ்மித்துக்குப் பிடித்ததெல்லாம் கத்திச்சண்டை, மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ். உடம்புக்கு பேஸ்கட்பாலைவிட மல்யுத்தமே நல்லது என்று சொல்லிவந்தவர், தன் விளையாட்டைத் தானே ஆடியது வாழ்நாளில் இரண்டு முறைதான். ஜெயிக்கிற ஐந்து பேரைவிட, ஜிம் பக்கமே வராத ஐநூறு பேர்தான் அவர் கவலை.

காசு விஷயத்தில் மட்டும் ஆள் ரொம்ப வீக். கடன் கட்ட முடியாமல் வீட்டையே இழந்த குடும்பம் அது. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸில் முதல்முறையாக பேஸ்கட்பால் சேர்க்கப்பட்டபோது, அவர் அங்கே போக அமெரிக்க கோச்சுகள் ஊர் ஊராகச் சில்லறை திரட்ட வேண்டியிருந்தது. இறுதிப்போட்டி திறந்தவெளியில், கொட்டும் மழையில். சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. பிறந்த நாடும் வாழ்ந்த நாடும் தன் விளையாட்டை ஆடுவதை 74 வயதில் அவர் பார்த்தார்.

அதே 1936-ல் கன்சாஸில் ஒரு மாணவர் பட்டம் வாங்கினார். பெயர் ஜான் மெக்லெண்டன். கறுப்பினத்தவர். 1933-ல் உடற்கல்வி படிக்க வந்தபோது, நேராகப் போய் நெய்ஸ்மித்தைப் பார் என்று சொல்லி அனுப்பியது அவருடைய அப்பா. நெய்ஸ்மித்தே அவருக்கு வழிகாட்டி ஆனார். படிப்பில் நீச்சல் கட்டாயம். ஆனால் நீச்சல்குளத்தில் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. மெக்லெண்டன் இறங்கி நீந்தினார். பிறகு குளத்துத் தண்ணீரையே வெளியேற்றினார்கள். அவர் விடவில்லை, நெய்ஸ்மித்தும் அவர் பக்கம் நின்றார். கடைசியில் குளம் எல்லோருக்கும் திறந்தது. பயிற்சி ஆசிரியராகப் பள்ளியில் வகுப்பெடுக்கவும் நெய்ஸ்மித்தே ஏற்பாடு செய்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் மெக்லெண்டன்.

ஆனால், பல்கலைக்கழக பேஸ்கட்பால் அணியில் மட்டும் அவரைச் சேர்க்கவில்லை. நெய்ஸ்மித் உயிரோடு இருந்தவரை அந்த அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. அவரை எவ்வளவு பிடித்தாலும் இதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

1939 நவம்பர் 28-ல், கன்சாஸின் லாரன்ஸ் நகரில் நெய்ஸ்மித் காலமானார். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அந்த 13 விதிகள் இருந்த இரண்டு தாள்களும் 2010-ல் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போயின. ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் பெயரில் பேஸ்கட்பாலுக்கு ஒரு ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது. கன்சாஸ் அணியில் ஆட முடியாமல் போன மெக்லெண்டன், பிறகு கோச்சாகி, வேகமான அதிரடி ஆட்டத்தைப் பரப்பி, 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று முறை தன் கல்லூரிக்கு தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். அந்த ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் இரண்டு முறை இருக்கிறது. விளையாட்டுக்குப் பங்களித்தவராக 1979-ல், கோச்சாக 2016-ல்.