மதுரையில் தங்கிய மொராக்கோ யாத்திரிகர்

மொராக்கோ நாட்டின் தான்ஜியர் நகரில் ஹிஜ்ரி 703-ஆம் ஆண்டு (கி.பி. 1304) பிறந்தவர்கள் இப்னு பதூதா அவர்கள். இருபத்தொரு வயதில், 1325-இல், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றும் நாட்டத்துடன் இல்லம் துறந்து புறப்பட்டார்கள். கஃபாவைக் கண்ட பின்னரும் அவர்களின் பயணம் ஓயவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாடு நாடாகச் சென்றார்கள். டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியிலும், பின்னர் மாலத்தீவிலும் காழியாகப் பணிபுரிந்தார்கள். இத்தகைய பெருமகனார் நம் தமிழகத்திலும் சில மாதங்கள் வாழ்ந்தார்கள் என்பது நம் இல்லங்களில் பலரும் அறியாத செய்தியாகும்.

1344-ஆம் ஆண்டு வாக்கில், இலங்கையில் பாவா ஆதம் மலையைக் கண்டுவிட்டு, அரபிகள் மாபார் என்றழைத்த நமது கிழக்குக் கரையை நோக்கிக் கப்பலேறினார்கள். கரையை நெருங்கும் வேளையில் புயல் வீசிக் கப்பல் சிதைந்தது. உடன் வந்தோரைத் தெப்பத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலிலேயே இரவைக் கழித்தார்கள். விடிந்ததும் படகில் வந்து அவர்களைக் கரை சேர்த்தவர்கள் மாற்றுச் சமயத்தைச் சேர்ந்த இந்நாட்டு மக்களே.

அந்நாளில் மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுத்தீன் தாமகானி. ஏறத்தாழ 1335-இல் மதுரை சுல்தானியத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் புதல்வியருள் ஒருவரை இப்னு பதூதா அவர்களும், மற்றொருவரை இந்தச் சுல்தானும் மணந்திருந்தனர். ஆகவே உறவினர் என்ற முறையில் பாசறையில் சிறந்த வரவேற்புக் கிடைத்தது.

ஆயினும் அங்கே அவர்கள் கண்ட காட்சிகள் உள்ளத்தை உலுக்கின. சிறைப்பட்ட எளிய மக்களைச் சுல்தான் கழுவிலேற்றினார்; பெண்களையும் குழந்தைகளையும்கூட விட்டுவைக்கவில்லை. ஒருநாள் கொலைஞர் கத்தியை உருவியபோது, இப்னு பதூதா அவர்கள் அஸர் தொழுகையைக் காரணங்காட்டி எழுந்துவிட்டார்கள். அதன் பொருளை உணர்ந்த சுல்தான் சிரித்தாரேயன்றி, தண்டனையை நிறுத்தவில்லை. அந்தக் கொடுமையைத் தடுக்கும் ஆற்றல் அவர்களிடம் இல்லை. ஆனால் அரசர் முஸ்லிம் என்பதற்காகவோ, உறவினர் என்பதற்காகவோ அதனை மறைத்துவிடவும் இல்லை. வேறெந்த மன்னரிடமும் காணாத இழிசெயல் என்று கண்டித்து, அவருடைய முடிவை அல்லாஹ் விரைவுபடுத்தியதற்கு அதுவே காரணம் என்றும் தம் பயண நூலில் பதிவு செய்தார்கள்.

மதுரையின் அகன்ற வீதிகளை அவர்கள் கண்ட நேரத்தில் நகரைக் கொள்ளைநோய் சூறையாடிக்கொண்டிருந்தது. நோயுற்றோர் இரண்டு மூன்று நாட்களில் மாண்டனர். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் இறந்தனர். பின்னர் சுல்தானும் மரணமடைந்தார். இப்னு பதூதா அவர்களும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்து, இதுவே தம் இறுதி என்று எண்ணினார்கள். அப்போது இங்கு ஏராளமாய் விளையும் புளியைக் கரைத்துக் குடித்தார்கள். மூன்று நாள் வயிறு கழிந்து, இறையருளால் நலம் பெற்றார்கள். அரபிகள் இந்தியப் பேரீச்சை என்று பெயரிட்ட அதே புளிதான் இன்றும் நம் வீட்டு அடுக்களைகளில் இருக்கிறது.

அதன்பின் கடல்வழியே கொல்லம் சென்றடைந்தார்கள். இன்று மதுரையிலிருந்து கொல்லம் செல்வோர் திருமங்கலம், திருவில்லிபுத்தூர், இராசபாளையம், செங்கோட்டை வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடுகின்றனர். அவர்களுக்கோ அது அலைகடலை நம்பிய பயணம்.

தாயகம் திரும்பிய பின், மொராக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர்கள் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதிய பயண நூல் 1355-இல் நிறைவுற்றது. ஹிஜ்ரி 770 வாக்கில் அவர்கள் வஃபாத்தானார்கள்.

பிழைப்புக்காகவும் கல்விக்காகவும் கடல் கடந்து செல்வோர் நம் குடும்பங்களில் இன்று பலர். அயல்நாட்டில் நம்மைக் கரையேற்றும் கை எந்தச் சமயத்தாருடையதாகவும் இருக்கலாம். அநீதி செய்யும் கை நம்மவருடையதாகவும் இருக்கலாம். முன்னதை நன்றியுடன் நினைப்பதும், பின்னதை நீதியுடன் சொல்வதும் முஸ்லிமின் கடமையன்றோ?