எவரெஸ்ட் கண்ட மருத்துவர்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலைக்கு அருகே, தமிழக எல்லையைத் தொட்டுக் கிடக்கும் சிற்றூர் காரக்கோணம். அங்குள்ள மருத்துவக் கல்லூரி சாமர்வெல் என்னும் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பார்வை தடுமாறி, மூளையை ஸ்கேன் எடுத்து, அறிக்கையின் பொருள் விளங்காமல் கலங்கும் எல்லையோர மக்கள் அவர் வரலாற்றை அறிதல் நன்று.

தியோடர் ஹோவர்டு சாமர்வெல் 1890 ஏப்ரல் 16ஆம் நாள் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் பயின்று அறுவை மருத்துவரானார். 1916இல் சோம் போர்க்களத்தில், காயமுற்றோர் வரிசை வரிசையாகக் கிடந்த காட்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்றார். பனிச்சரிவில் ஏழு ஷெர்ப்பாக்கள் மாண்டனர். பின்னர் இந்தியாவைச் சுற்றி வந்தவர், திருவிதாங்கூரின் நெய்யூர் மருத்துவமனையில் திரண்டிருந்த நோயாளிகளையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டார். அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார்.

1924 ஜூன் 4ஆம் நாள். சாமர்வெல்லும் நார்ட்டனும் செயற்கை ஆக்சிஜன் இன்றி எவரெஸ்டில் ஏறிக்கொண்டிருந்தனர். நார்ட்டனுக்கு ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தது. பாறையில் ஏறும்போது கண்ணாடியைக் கழற்றியிருந்ததால், பனிக்குருடு தொடங்கிவிட்டதென அஞ்சினார். சாமர்வெல் அதனை மறுத்தார். அம்மறுப்பு சரியே. பனிக்குருடு கண்ணின் மேற்பரப்பு வெந்து போவதால் வருவது. எரிச்சலும் கண்ணீரும் அதன் அடையாளங்கள். இதுவோ, ஆக்சிஜன் குறைந்ததால் கண்தசைகள் கட்டுப்பாடு இழந்ததன் விளைவென நார்ட்டனே பின்னர் கருதினார். அவர் தனியே 28,126 அடி வரை ஏறினார். தொண்டை நோயால் பின்தங்கிய சாமர்வெல், இறங்கும்போது மூச்சடைத்துச் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டார். அன்றிரவு நார்ட்டனை உண்மையான பனிக்குருடும் பற்றியது. கண் ஒன்றே, நோய் இரண்டு, காரணமும் இரண்டு!

அன்று ஸ்கேன் கருவி இல்லை. இலண்டனில் முதல் நோயாளிக்கு மூளை சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971இல். அப்போது சாமர்வெல்லுக்கு வயது 81. இன்றோ, அறிக்கையில் ஒரு வெண்புள்ளியைக் கண்டால் உயிரே போய்விட்டதென நடுங்குகிறோம். குறையில்லை என்றிருந்தால் நோயே இல்லையென நினைக்கிறோம். இரண்டும் தவறாகலாம். வயது ஏற ஏற வெண்புள்ளிகள் பலருக்குத் தோன்றுவதுண்டு. நார்ட்டனுக்கு நேர்ந்தது போன்ற தற்காலிகத் தடுமாற்றம் படத்தில் பதியாமலே போகலாம்.

நண்பர்களே, ஒரு கண்ணை மூடினால் இரட்டைப் பார்வை மறைகின்றதா? மறைந்தால், இரு கண்களும் ஒத்தியங்கவில்லை. தசையிலோ நரம்பிலோ மூளையிலோ காரணத்தைத் தேட வேண்டும். மறையாவிடில், பெரும்பாலும் கண்ணிலேயே குறை. இதனைப் படம் சொல்லாது. நோயாளிதான் சொல்ல வேண்டும். சொல்வதைச் செவிமடுத்துப் படத்தோடு பொருத்திப் பார்ப்பது மருத்துவரின் கடன். இரட்டைப் பார்வை திடீரென வருமாயின் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்வது நம் கடன்.

நெய்யூரில் சாமர்வெல் இரைப்பைப் புண் அறுவைக்குப் பெயர் பெற்றார். பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்து, 1961இல் தாயகம் திரும்பினார். 1975 ஜனவரி 23இல் மறைந்தார். 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யூர் தமிழகத்திலும் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் அமைந்தன. அவர் பெயரோ இரு பக்கத்தாருக்கும் உரியதாகவே நிலைத்திருக்கின்றது.