ரேடியம் தந்த மேரி க்யூரி... இன்று ரேடியக் குழாய்கள் ஏன் சிகிச்சையில் இல்லை?

கேன்சர் கட்டிக்குள்ளேயோ பக்கத்திலேயோ கதிர்வீச்சுப் பொருளை வெச்சு சிகிச்சை தர்றதுதான் 'பிராக்கிதெரபி'. இதுக்கு முதல் மருந்தா இருந்தது மேரி க்யூரியின் ரேடியம்.

1867-ல் வார்சாவில் பிறந்தவர் மேரி. கணவர் பியருடன் 1898-ல் ரேடியத்தைக் கண்டுபிடித்தார். நினைத்திருந்தால் கோடிகளைக் குவித்திருக்கலாம். ஆனால், இருவரும் காப்புரிமையே வாங்கவில்லை. சில ஆண்டுகளிலேயே டாக்டர்கள் ரேடியத்தைச் சின்னக் குழாய்களில் அடைத்துக் கட்டிகளில் வைக்கத் தொடங்கினார்கள்.

சிக்கல் என்ன தெரியுமா? ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். குழாய் உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ ஆபத்துதான். விலையும் எக்கச்சக்கம்!

முதல் உலகப் போரின்போது மேரி ஒரு வழி செய்தார். ரேடியத்தை பாரிஸ் லேபிலேயே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் ரேடான் வாயுவை மட்டும் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து ராணுவ மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். ரேடான் நாலே நாளில் பாதியாகிடும்.

1934 தொடக்கத்தில் மகள் ஐரீனும் மருமகன் ஃபிரெடரிக்கும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, அதே ஆண்டு ஜூலை 4-ல் மேரி இறந்தார். ரத்தம் ஊறுவதே நின்றுபோகும் நோய். பல வருடக் கதிர்வீச்சே காரணம் என்கிறார்கள்.

மகள் திறந்த வழியில் வந்ததுதான், இன்று பல மருத்துவமனைகளில் இருக்கும் இரிடியம்-192. அரிசி சைஸ்தான். 74 நாளில் பாதியாகிடும். மெஷினே அதை உள்ளே அனுப்பி, திரும்ப எடுத்துக்கும். யாரும் கையால் தொட வேண்டாம்.

மேரியின் நோட்டுகளோ, இன்னமும் பாரிஸில் ஈயப் பெட்டிகளுக்குள்தான் இருக்கின்றன!