வட்டுக்கோட்டையில் பிறந்து சிங்கப்பூரைச் செதுக்கியவர்: எஸ். ராஜரத்தினம்

நம்ம ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துப் பெரியவர்களிடம் சிங்கப்பூர் என்று சொன்னால் முதலில் கப்பலைத்தான் சொல்வார்கள். ரஜூலா, அதன்பின் சிதம்பரம் என்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போன கப்பல்கள். 1985-இல் சிதம்பரத்தில் தீப்பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது. ஆனால் அந்தச் சின்னஞ்சிறு தீவை ஒரு நாடாக நிறுத்திய முன்வரிசைத் தலைவர்களில் ஒரு தமிழர் இருந்தார் என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டதும் அவரையே எழுதலாம் என்று தோன்றியது.

சின்னத்தம்பி ராஜரத்தினம் 1915 பிப்ரவரி 25 அன்று யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்தார். அப்பாவுக்கு மலாயாவில் ரப்பர் தோட்ட வேலை. எனவே கைக்குழந்தையாகவே சிரம்பான் பக்கம் வந்துவிட்டார். சட்டம் படிக்க லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு அனுப்பினார்கள். நடுவில் உலகப் போர் வந்து, வீட்டிலிருந்து பணம் வருவது நின்றுபோனது. பட்டம் கிடைக்கவில்லை. மனிதர் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார், சிறுகதைகள் எழுதினார், பிபிசியின் கீழ்த்திசை ஒலிபரப்புக்கும் எழுதினார். பிரோஷ்கா என்ற ஹங்கேரியப் பெண்ணை மணந்துகொண்டார். போர் முடிந்தபின் திரும்பி வந்து சிங்கப்பூரில் பத்திரிகையாளர் ஆனார்.

1954-இல் லீ குவான் யூ முதலானவர்களோடு சேர்ந்து மக்கள் செயல் கட்சியைத் தொடங்கினார். 1959-இல் பத்திரிகை வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்று வென்று, பண்பாட்டு அமைச்சர் ஆனார். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தபோது முதல் வெளியுறவு அமைச்சர் அவர்தான். தூதரகமே இல்லாத நாடு! அடுத்த மாதமே ஐக்கிய நாடுகள் சபையில் இடம் வாங்கினார்கள். 1967-இல் பாங்காக்கில் ஆசியான் அமைப்பைத் தொடங்கக் கையெழுத்திட்ட ஐவரில் அவர் ஒருவர். 1980 வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சிங்கப்பூரில் நான்கில் மூன்று பங்கு சீனர்கள். தமிழர் சிறு கூட்டம். ராஜரத்தினம் தமிழர் தலைவராக நின்று ஓட்டுக் கேட்டவர் இல்லை. மலாய்க்காரர்களின் பழைய பேட்டையான கம்போங் கிளாம் தொகுதியின் உறுப்பினராக 1988 வரை இருந்தார். பள்ளிப் பிள்ளைகள் தினமும் சொல்லும் நாட்டு உறுதிமொழியை 1966-இல் எழுதிக் கொடுத்ததும் அவரே. இனம், மொழி, மதம் எதுவானாலும் ஒரே மக்கள் என்பதுதான் அதன் சாரம். இரண்டே வருடம் முன்னால், 1964-இல், அந்தத் தெருக்களில் இனக்கலவரம் நடந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவர் பிறந்த தீவின் கதை வேறு மாதிரிப் போனது. இலங்கை 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டது. இருபது வருடம் கழித்து, 1976-இல், தனி ஈழம் கேட்டுத் தீர்மானம் நிறைவேறியது அதே வட்டுக்கோட்டையில்! சிங்கப்பூரோ தனிநாடான பிறகும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கையும் ஆட்சிமொழியாக வைத்துக்கொண்டது. இரண்டும் தீவுகள், இரண்டிலும் பல இனங்கள். ஆரம்பத்தில் எடுத்த முடிவு பின்னால் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது, பாருங்கள்.

புகழ்ந்துவிட்டு மட்டும் நிறுத்துவது நியாயம் ஆகாது. 1963-இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணை இல்லாமல் சிறையில் வைத்த அரசில் அவரும் அமைச்சர். பத்திரிகையாளராக வளர்ந்தவரே, பின்னாளில் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போட்ட அரசின் சார்பில் வாதாடினார். 1968-இல் தொழிலாளர் அமைச்சராகவும் ஆனார். பிரிட்டன் தன் ராணுவத் தளங்களை மூடப்போவதாக அறிவித்திருந்த நேரம். அப்போது வந்த வேலைவாய்ப்புச் சட்டம் விடுமுறை, போனஸ் போன்றவற்றைக் குறைத்தது. முதலீடு வந்தது, வேலை வந்தது, வாஸ்தவம்தான். ஆனால் மணலியிலும் எண்ணூரிலும் ஷிப்ட் பார்க்கிற நம்மவர்களுக்கு அதன் விலை என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த விலை சரியா என்று இன்றுவரை எனக்குள் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

1988-இல் ஓய்வு பெற்றார். மறுவருடம் மனைவி காலமானார், பிள்ளைகள் இல்லை. கடைசி வருடங்களில் மறதி நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. 2006 பிப்ரவரி 22 அன்று, 91-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது மறைந்தார். அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடந்தது. பட்டம் முடிக்காதவரின் பெயரில் இன்று சிங்கப்பூரில் சர்வதேச உறவுகளுக்கான ஓர் உயர்கல்விப் பள்ளி நடக்கிறது.

காலடிப்பேட்டை கூட காலெட் என்ற ஆங்கிலேய கவர்னர் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர்தான். நம் வடசென்னையில் முக்கால்வாசிப் பேர் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்களின் பேரன் பேத்திகள். வேலைக்காக வெளிநாடு போகப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: போகிற ஊரில் சம்பளத்தை மட்டும் எண்ணாமல், அந்த ஊர்ப் பொதுக்காரியத்திலும் தலையைக் கொடுங்கள்.