கணிப்பொறிக்குச் சொல் கற்பித்த அம்மையார்

எழுத்தறிவித்தவரை இறைவனுக்கு நிகராகப் போற்றுவது தமிழர் மரபு. நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியைகளை நாம் நன்கு அறிவோம். ஆனால் எண்ணைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்த கணிப்பொறிக்கு எழுத்தறிவித்தவர் யார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இன்று வங்கியில் பணம் கட்டினால் அடுத்த நொடியே கணக்கில் ஏறுகிறது. இரயில் பயணத்துக்கு வீட்டிலிருந்தே இடம் பதிவாகிறது. இத்தகைய அலுவல்களைப் பொறிக்கு மனிதரின் சொற்களாலேயே எடுத்துரைக்க முடியும் என்று உறுதியாக நம்பி, நம்பாதவர் நடுவே செய்தும் காட்டியவர் ஓர் அம்மையார். அவர்தாம் அமெரிக்க நாட்டுக் கிரேஸ் மரே ஹாப்பர்.

ஏழு கடிகாரங்கள்

கிரேஸ் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் ஒரு நாள், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பி அதைப் பிரித்துப் போட்டார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. எப்படிப் பூட்டுவது என்று பார்க்க இன்னொன்றைப் பிரித்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பல்சக்கரங்களாய்த் தரையில் கிடந்தன! அன்னையார் அவரை அடிக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆராயலாம் என்று அனுமதி மட்டும் அளித்தார். இப்படிப்பட்ட அன்னையைப் பெற்றது கிரேஸின் பேறு.

தந்தையார் நோயினால் தம் கால்களை இழந்தவர். தமக்கு ஏதேனும் நேர்ந்தால் பெண்கள் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கலாகாது என்று கருதி, மகனுக்கு அளித்த கல்வியை மகளிர் இருவருக்கும் அளித்தார்.

பதினாறு வயதில் வாசர் கல்லூரியில் சேர முயன்ற கிரேஸ், இலத்தீன் தேர்வில் தோற்றுப்போனார். ஓர் ஆண்டு காத்திருந்து, மீண்டும் படித்து, 1924இல் அதே கல்லூரியில் சேர்ந்தார். 1928இல் கணிதமும் இயற்பியலும் கற்றுப் பட்டம் பெற்றார். 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்து கிரேஸ் ஹாப்பர் ஆனார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தும் வந்தார்.

கடற்படையில்

இரண்டாம் உலகப் போர் வந்தது. கிரேஸ் கடற்படையில் சேர விரும்பினார். வயது மிகுதி என்றனர். எடையோ விதித்த அளவுக்கு 15 பவுண்டு குறைவு! அவர் விடவில்லை. சிறப்பு அனுமதி பெற்று 1943 டிசம்பரில் சேமப்படையில் சேர்ந்தார். பயிற்சியில் முதல் மாணவியாகத் தேறினார். 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே ஹோவர்டு ஐக்கன் என்னும் அறிஞர் அமைத்த மார்க் 1 என்ற கணிப்பொறி நின்றது. நீளம் 51 அடி, உயரம் 8 அடி. நம் வகுப்பறைகள் இரண்டை அடுத்தடுத்து வைத்தாலும் அதற்கு இடம் போதுமோ என்னவோ! அவ்வளவு பெரிய உருவம் நொடிக்கு மூன்று கூட்டல்களே செய்தது. அதற்கு இடும் கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்த வேண்டும். முன்பின் பார்த்திராத அப்பொறியைக் கற்றுக்கொண்ட கிரேஸ், அதற்கு 561 பக்கத்தில் ஒரு கையேடும் உருவாக்கினார்.

நிரலில் உள்ள பிழையை ஆங்கிலத்தில் பூச்சி என்னும் பொருளில் பக் என்கிறார்கள். அச்சொல்லைக் கிரேஸ்தான் உண்டாக்கினார் என்று பலர் கூறுவர். அது சரியன்று. அவர் காலத்துக்கு முன்பே பொறியாளர்கள் அதை வழங்கி வந்தனர். 1947 செப்டம்பர் 9ஆம் நாள் மார்க் 2 என்னும் பொறியின் உள்ளே உண்மையாகவே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டுப் பொறி தடுமாறியது. அதைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். இக்கதையைக் கிரேஸ் பல இடங்களில் சுவைபடச் சொல்லிவந்ததால் சொல்லும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சொல் கற்ற பொறி

1949இல் பிலடெல்பியா நகரில் யூனிவாக் என்னும் கணிப்பொறியை உருவாக்கிய நிறுவனத்தில் கிரேஸ் சேர்ந்தார். அங்கே அவர் கண்ட குறை ஒன்று. ஒருவர் எழுதிய கணக்கின் பகுதி மற்றொருவருக்கும் தேவைப்படும். ஒவ்வொருவரும் அதைத் தம் நோட்டில் பார்த்து எழுதுவர். பார்த்து எழுதும்போது பிழை வரும். வீட்டுப் பாடத்தைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதியவர்களுக்கு இது விளங்கும்!

கிரேஸ் சிந்தித்தார். பார்த்து எழுதும் வேலையைப் பொறியிடமே விட்டால் என்ன? அடிக்கடி தேவைப்படும் துணை நிரல்களை நாடாவில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண் கொடுத்தார். எண்ணைச் சொன்னால் பொறியே அத்துணை நிரலைத் தேடி எடுத்து உரிய இடத்தில் இணைக்கும். இதுவே 1952இல் அவர் படைத்த ஏ-0 என்னும் கம்பைலர். தமிழில் இதனை நிரல்பெயர்ப்பி என்பர். பொறிக்குக் கூட்டல் கழித்தல்தான் வரும், நிரல் எழுத வராது என்று எண்ணியிருந்தவர்கள் முதலில் இதை நம்பவே இல்லை.

அவர் அத்துடன் நிற்கவில்லை. கடைக் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதுவோர் கணித மேதைகள் அல்லர். குறியீடுகளைக் கண்டால் அவர்கள் அஞ்சுவர். அவர்கள் பேசும் சொற்களிலேயே கட்டளை எழுதினால் பொறி மொழிபெயர்த்துக் கொள்ளட்டும் என்றார் கிரேஸ். மேலதிகாரிகள் மறுத்தனர். அவர் ஆங்கிலச் சொற்களில் ஒரு சிறு நிரலை இயக்கிக் காட்டினார். பிறகு அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் இயக்கிக் காட்டினார். மகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தார், அவர்களோ திகைத்தனர். அமெரிக்காவில் செய்த பொறிக்குப் பிரெஞ்சு எப்படித் தெரியும் என்பது அவர்கள் ஐயம்! உண்மையில் பொறிக்கு எந்த மொழியும் தாய்மொழி அன்று. சொல் அதற்கு வெறும் அடையாளமே. எந்தச் சொல்லுக்கு எந்தச் செயல் என்று நாம் சொல்லிக் கொடுத்தால் போதும். இதை அவர்கள் ஏற்பதற்குள் காலம் சென்றது. இறுதியில் சுமார் இருபது கட்டளைகளைக் கொண்ட புளோ-மேட்டிக் என்னும் மொழி உருவாயிற்று.

அக்காலத்தில் ஒரு நிறுவனப் பொறிக்கு எழுதிய நிரல் வேறு நிறுவனப் பொறியில் ஓடாது. பொறியை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். இதைப் போக்க 1959 மே மாதம் வாஷிங்டன் அருகே பென்டகனில் ஒரு கூட்டம் நடந்தது. பொது மொழி ஒன்று வேண்டும் என்று முதலில் தூண்டியவர் மேரி ஹாஸ் என்னும் பெண்மணி. குழுவாக அமர்ந்து அதை வகுத்தவர்களுள் ஜீன் சாமெட் போன்ற பெண்களும் இருந்தனர். கிரேஸ் அவர்களுக்கு ஆலோசகர்களுள் ஒருவர். அவருடைய புளோ-மேட்டிக்கை அடியொற்றிக் கோபால் என்னும் வணிக மொழி பிறந்தது. 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் இரு வேறு நிறுவனங்களின் பொறிகளில் ஓடியது.

பின்வந்தோர் கட்டிய வீடு

வணிக நிரல்கள் வளர வளர, ஆயிரக்கணக்கான வரிகளில் எது எங்கே என்று தெரியாத நிலை வந்தது. நார்வே நாட்டு அறிஞர்களான ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா 67 என்னும் மொழியில் ஒரு புதுவழி கண்டனர். அதுவே பொருள்நோக்கு நிரலாக்கம்.

நம் பள்ளியைக் கொண்டே இதை விளக்கலாம். மாணவி என்பது ஒரு வகை. இதனை இனக்குழு என்பர். பெயர், சேர்க்கை எண், மதிப்பெண் ஆகிய விவரங்களும், மொத்தம் காணல் போன்ற செயல்களும் அதில் ஒருங்கே அடங்கும். அந்த அச்சில் வார்த்த ஒவ்வொரு மாணவியும் ஒரு பொருள். மதிப்பெண்ணை யார் வேண்டுமானாலும் திருத்த இயலாது. அதற்குரிய செயலின் வழியேதான் மாற்றலாம். இது உறைபொதியாக்கம். விடுதி மாணவிக்கு மாணவிக்குரிய எல்லாம் உண்டு, அறை எண் மட்டும் கூடுதல். பழையதை மீண்டும் எழுதாமல் கூடுதலை மட்டும் எழுதினால் போதும். இது மரபுரிமம்.

1995இல் வெளிவந்த ஜாவா போன்ற மொழிகள் இவ்வழியில் அமைந்தவை. நிரல் எழுத ஒரு திருத்தி, மொழிபெயர்க்க நிரல்பெயர்ப்பி, பிழை தேட ஒரு கருவி, ஆயத்தப் பகுதிகள் நிறைந்த நூலகம் ஆகியவை இன்று அவற்றைக் கற்போரின் கைக்கருவிகள். இவையெல்லாம் கிரேஸ் படைத்தவை அல்ல. ஆயினும் எழுதியதை மீண்டும் எழுதாதே, ஒரே நிரல் எல்லாப் பொறியிலும் ஓடட்டும் என்னும் இரண்டு எண்ணங்களுக்காகவே அவர் பாடுபட்டார். ஜாவா முதலிய மொழிகளின் அடித்தளத்திலும் அவ்விரண்டையும் காண்கிறோம்.

ஓயாத உழைப்பு

1966 இறுதியில் கடற்படை அவருக்கு ஓய்வளித்தது. அடுத்த ஆண்டே, ஆறு மாதத்துக்கு மட்டும் என்று மீண்டும் அழைத்தது. அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டாக நீண்டது! ரியர் அட்மிரல் பதவியுடன் 1986 ஆகஸ்ட் 14இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79.

மாணவர் கூட்டங்களுக்குச் செல்லும்போது சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளை எடுத்துச் செல்வார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு அவ்வளவுதான் என்று காட்டி, ஆளுக்கொன்று கொடுப்பார். அவர் அறையில் முட்கள் எதிர்ப்பக்கமாய்ச் சுற்றும் கடிகாரம் ஒன்று இருந்தது. வழக்கம் என்பதற்காகவே ஒன்றைச் செய்யலாகாது என்பதற்கு அதுவே அவர் தந்த பாடம். 1992 ஜனவரி முதல் நாள் தம் 85ஆம் வயதில் மறைந்தார். 2016இல் அமெரிக்க அரசு அவருக்கு விடுதலைப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

அன்புத் தோழியரே! பதினோராம் வகுப்பில் எப்பிரிவை எடுப்பது என்று நாங்கள் இப்போது கூடிக் கூடிப் பேசுகிறோம். ஆங்கிலம் வராது, ஒரு தேர்வில் தவறிவிட்டேன், கணிப்பொறி எனக்கு எட்டாது என்று எங்களில் சிலர் தாங்களே கதவை மூடிக்கொள்கின்றனர். இலத்தீனில் தோற்ற பெண்தான் பின்னாளில் பொறிக்கே மொழி கற்பித்தார் என்பதை அவர்களுக்குச் சொல்லவே இதை எழுதினோம். மனிதன் பொறியின் மொழிக்குப் பணிய வேண்டியதில்லை, பொறிதான் மனிதனின் மொழிக்கு வரவேண்டும் என்று அவர் வாழ்ந்து காட்டினார். அப்படியிருக்க, அப்பொறியைக் கண்டு நாம் அஞ்சலாமா? பெற்றோர்களே, உங்கள் வீட்டில் ஒரு கடிகாரம் பிரிந்து கிடந்தால் சற்றே பொறுத்துக்கொள்ளுங்கள்!

பத்தாம் வகுப்பு மாணவி